அனுமதி பெறாத சாய்மானம்

சுகமாக உட்கார்ந்து போவதற்கும் உத்தரவு வாங்க வேண்டும் என்று ஆன்றோவுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அவன் புன்னைக்காயலில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். மனைவி கிளாடிஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் அவளை மோட்டார் சைக்கிளில் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து கூட்டி வர வேண்டும். அந்த நாட்களில் அவன் கடலுக்கு வராவிட்டாலும் கூட்டாளிகள் அவனுடைய பங்கு மீனைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை.

போகும்போது பயமில்லை. திரும்பும்போதுதான் பயம். மெஷினிலிருந்து எழுந்த உடம்பு துவண்டுபோய்விடும், கண் சொருகும். ஒருநாள் முள்ளக்காட்டு உப்பளம் ஓரமாக வரும்போது வண்டி திடீரென்று ஒரு பக்கம் இழுத்தது. ஆன்றோ இடக்கையைப் பின்னால் வீசினான். கிளாடிஸின் சேலைத் தலைப்பு கையில் சிக்கியது. இருக்கையிலிருந்து பாதி சரிந்திருந்த அவளை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தினான். அவள் கண்ணைத் திறந்து, வீடு வந்துவிட்டதா என்று கேட்டாள்.

மறுநாளே வெல்டிங் பட்டறைக்குப் போய் நின்றான். பின் இருக்கைக்கு முதுகுச் சாய்மானம் வந்தது. கை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் வளைந்த குழாய், கால் வைக்க அகலமான பலகை, பழைய கார் சீட்டிலிருந்து எடுத்த பஞ்சு மெத்தை. முதல் தடவை ஏறி உட்கார்ந்த கிளாடிஸ், "தேர்ல வாற மாதிரிலா இருக்கு. மாதா கோவிச்சுக்கிடப் போறா" என்று சிரித்தாள்.

மாதா கோவித்துக்கொள்ளவில்லை. கோவித்துக்கொண்டது பின்னிருக்கைப் பயணிகள் சுக மேம்பாட்டு வாரியம்.

இந்த வாரியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களின் இடுப்பும் முதுகும் படும் பாட்டைப் பார்த்து மனம் இரங்கிய யாரோ ஒரு மேலிடத்துப் பெரியவர் இதைத் தோற்றுவித்தார். எண்ணம் நல்ல எண்ணம்தான். வாரியத்தில் யாரைப் போடுவது என்று கேள்வி வந்தது. ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அனுபவம் உள்ளவர்கள் வேண்டும். தூத்துக்குடியில் அப்படிப்பட்டவர்களுக்கா பஞ்சம்? சரக்குக் கம்பெனிகளில் ஓய்வு பெற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். கடற்கரை ஓரம் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி காலியாகக் கிடந்தது, அதுவே அலுவலகமாயிற்று. அன்றிலிருந்து அவர்கள் பயணிகளின் சுகத்தைத் தங்களுக்குத் தெரிந்த முறையிலேயே கவனித்து வந்தார்கள்.

அன்று சுக வாரத்தின் முதல் நாள். ஆன்றோவுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், போன முறை மெஷின் பழுது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதும், கிளாடிஸின் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை என்பதும்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். காலையில் முதல் ஆளாக வந்துவிட வேண்டும், பிந்தினால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம், இந்த நிலைமையில் இன்னொரு முறை தப்பினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள்.

முள்ளக்காடு தாண்டியதும் சாலையில் ஒரு பந்தல். 'பின்னிருப்பவர் சுகமே நம் முன்னேற்றம்' என்று பெரிய பேனர். அதில் வாரியத் தலைவர் ராஜதுரை மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து கை காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. பந்தலிலிருந்து சிவப்பிரகாஷ் என்ற இளம் ஆய்வாளன் ஓடிவந்து வண்டியை மறித்தான். எங்கெங்கோ வேலை தேடி அலுத்து ஒப்பந்த வேலைக்கு வந்த பையனின் முகம். சாய்மானத்தைத் தட்டிப் பார்த்தான். மெத்தையை அமுக்கிப் பார்த்தான். பிறகு, இந்தச் சுகத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டான்.

ஆன்றோ விளங்காமல் பார்த்தான். பின்னால் கட்டைபோன்ற இருக்கையில் மூன்று பேரை நெருக்கி வைத்துக்கொண்டு ஒரு வண்டி அவர்களைக் கடந்து போயிற்று. அதை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டான். அதில் எந்தச் சுகமும் இல்லை, ஆகவே அது வாரியத்தின் அதிகாரத்துக்குள் வராது என்று சிவப்பிரகாஷ் பொறுமையாக விளக்கினான். அனுமதி வாங்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும், அலுவலகம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது என்றும் சொன்னான். சாவியை உருவி வேறொருவரிடம் கொடுத்து, வண்டியை ஓட்டி வரச் சொல்லிவிட்டு, இருவரையும் ஜீப்பில் ஏற்றினான்.

கிட்டங்கிக்குள் நுழைந்ததும் பெரிய இரும்புக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. காவலாளி நயினார் பூட்டைப் போட்டுவிட்டு, கிளாடிஸின் முகத்தை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி வந்து நிழலில் போட்டார்.

தலைவர் ராஜதுரை சுக வார ஊர்வலத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சந்தன மாலை. இருந்தாலும், தானாகவே சுகம் செய்துகொண்ட ஒருவன் பிடிபட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு நின்றார். கோபப்படவில்லை. ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"தம்பி, நான் ஆயுசு பூரா கப்பல் சரக்கு பாத்தவன். உப்பு, உரம், முந்திரி, மரத்தடி, எல்லாம் இந்தக் கையால போயிருக்கு. இத்தனை காலத்துல ஒரு மூட்டை வந்து எங்கிட்ட குறைன்னு சொன்னது கிடையாது. ஏன்? நான் சரியா அடுக்கினேன். இப்பம் மனுசன் முதுகு வலிக்குங்கான், காலு மரக்குங்கான்னா என்ன அர்த்தம்? அவன அடுக்கினது சரியில்ல. அவ்வளவுதான். வாய் இருக்கறதுனால பேசுதான்."

ஊழியர்கள் கை தட்டினார்கள். ஆன்றோ, தன் மனைவிக்கு உடனே மெஷின் போட வேண்டும், தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டான். நியாயமான கோரிக்கைதான் என்று தலைவர் ஒப்புக்கொண்டார். எல்லாச் சோதனையும் முறையாக முடிந்ததும் ஊர்வலத்திலிருந்து வந்து தானே கையெழுத்துப் போடுவதாக வாக்களித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

முதலில் எடை. சரக்கு எடைபோடும் மேடையில் கிளாடிஸை ஏற்றினார்கள். போன வாரம் என்ன எடை இருந்தது என்று கேட்டான் சிவப்பிரகாஷ். அவள் மூச்சுக்கு நடுவே சொன்னாள். இப்போது நிறையக் கூடியிருந்தது. அவன் முகம் சுருங்கியது. எடை வித்தியாசம் என்பது அந்தக் கிட்டங்கியில் சின்ன விஷயம் இல்லை.

"தண்ணி சார்" என்றான் ஆன்றோ. "உடம்புல தேங்கிக் கெடக்கு. அத எடுக்கத்தான் போய்க்கிட்டிருக்கோம்."

சிவப்பிரகாஷின் முகம் தெளிந்தது. ஈரப்பதம்! அதற்கு விதி இருந்தது. ஈரம் கூடிய எதையும் உலரவைக்காமல் அடுத்த இடத்துக்கு அனுப்பக் கூடாது. முந்திரி என்றால் இரண்டு நாள் வெயிலில் பரப்பினால் போதும் என்று சொல்லி, கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த களத்தைக் காட்டினான். தரை சுடும் என்பதால் அடியில் விரிக்கத் தார்ப்பாயும் கொடுத்தான். இரக்கமில்லாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது.

ஆன்றோ தார்ப்பாயைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றான். கடலில் காற்று திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இங்கே எந்தப் பக்கம் கயிற்றைத் தளர்த்துவது, எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியவில்லை. உதடுகள் மட்டும் 'அருள் நிறைந்த மரியே' என்று முணுமுணுத்தபடி இருந்தன. கிளாடிஸ் ஸ்டூலில் உட்கார்ந்து, முன்பக்கம் குனிந்து, ஒவ்வொரு மூச்சையும் எடுத்தெடுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஓர் ஊழியர் வந்து, உடையக்கூடிய சரக்குக்கு ஒட்டுகிற, கண்ணாடித் தம்ளர் படம் போட்ட சீட்டு ஒன்றை அவள் தலையில் இருந்த ஹெல்மெட்டின் மேல் ஒட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

அடுத்தது இருக்கைச் சோதனை. அதற்கு வாரியத்தில் 'தரப் பயணி' என்று ஒருவர் இருந்தார். மணல் நிரப்பிய சாக்கு மூட்டை அது. தலைக்குப் பதிலாக மேலே ஒரு ஹெல்மெட்டைக் கட்டியிருந்தார்கள். அதை இரண்டு பேர் மரியாதையாகத் தூக்கி வந்து ஆன்றோவின் பின்னிருக்கையில் வைத்தார்கள். ஓட்டுநர் ஒருவர் வண்டியைக் கிட்டங்கிக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டினார். பலகை அடுக்கிச் செய்த மேடுகளில் ஏற்றி இறக்கினார். மூட்டை அசையவே இல்லை. இதுவரை எந்த வண்டியிலும் தரப் பயணி விழாமல் இருந்ததில்லை என்று ஊழியர்கள் வியந்தார்கள்.

வண்டி நின்றதும் சிவப்பிரகாஷ் மூட்டையின் முன் வந்து நிமிர்ந்து நின்றான். "முதுகு வலிக்கிறதா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருந்தான். பிறகு, வலி இல்லை என்று குறித்துக்கொண்டான். "கால் மரத்துவிட்டதா?" இல்லை. "ஓட்டுநரின் நடத்தை திருப்தியா?" மறுப்பு எதுவும் வரவில்லை.

ஆன்றோவால் பொறுக்க முடியவில்லை. "சார், நெதம் இதுல உக்காந்து வாறவ இங்கனதான இருக்கா. அவகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்."

"அவங்ககிட்ட கேக்க முடியாதுண்ணே. அவங்க சம்பந்தப்பட்ட ஆளு. வேண்டியவங்க சொல்லுதது சாட்சியில சேராது" என்றான் சிவப்பிரகாஷ். மூட்டைக்கு எந்தப் பக்கமும் சொந்தக்காரர் இல்லை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றும் விளக்கினான்.

இருக்கை தேறிவிட்டது. ஈரப்பத விஷயத்தில்கூட, ஆன்றோ கெஞ்சியதால், சிறப்பு விலக்குக்கு எழுதி வைத்தார்கள். இனித் தலைவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஒரு முறை கிட்டங்கிக்குள் வரவு வைக்கப்பட்டது எதுவானாலும், அவர் கையெழுத்து இல்லாமல் கதவைத் தாண்ட முடியாது. வண்டி வரவு வைக்கப்பட்டிருந்தது. கிளாடிஸும் வரவு வைக்கப்பட்டிருந்தாள்.

சிவப்பிரகாஷ் தலைவருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுத்தவர்கள் பேசியது மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. ஊர்வலம் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருப்பது கதவுக்கு வெளியே ஒலிபெருக்கியிலும் தெரிந்தது. நயினார் பெரிய கதவில் இருந்த சின்னத் திட்டிவாசலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கண்டதைச் சொன்னார். வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் போகின்றனவாம். ஒன்றில்கூடப் பின்னால் ஆள் இல்லையாம். பின்னிருக்கைகள் இன்னும் சோதனை செய்யப்படாததால் அவற்றில் யாரும் உட்காரக் கூடாது என்று வாரியம் தடை விதித்து, ஆளுக்குப் பதிலாக பலூன் கட்டியிருக்கிறதாம். வாரியத்துக்காரர்கள் எல்லாரும் முன்னால் காரில் போகிறார்களாம். தலைவர் மட்டும் திறந்த ஜீப்பில் நின்றபடி.

"ஏங்க" என்றாள் கிளாடிஸ். ஆன்றோ குனிந்தான். அவள் உதட்டின் நிறம் மாறியிருந்தது. "எனக்கு முடியல. புள்ளைகள ஸ்கூல்ல இருந்து கூப்பிட ஆள் சொல்லிருங்க."

ஆஸ்பத்திரி நாட்களில் பிள்ளைகளைக் கூப்பிட அவள் யாரிடமாவது சொல்லிவைப்பாள்தான். இன்று அவள் சொன்ன விதம் வேறு. ஆன்றோ சிவப்பிரகாஷின் கையைப் பிடித்துக்கொண்டான். வண்டி உங்களிடமே இருக்கட்டும், இருக்கையை வேண்டுமானால் அறுத்துப் போட்டுவிடுங்கள், இவளை மட்டும் வெளியே விடுங்கள் என்று அழுதான்.

சிவப்பிரகாஷ் கையை உருவவில்லை. அவன் கழுத்தில் வேர்வை வழிந்தது. "கையெழுத்து இல்லாம விட்டேன்னா எனக்கு வேல போயிரும்ணே" என்றான், அவனும் கெஞ்சுவதுபோல. அந்தக் கட்டடத்தில் அப்போது எல்லாருமே யாரையாவது கெஞ்சிக்கொண்டுதான் இருந்தார்கள். யாரிடம் கெஞ்ச வேண்டுமோ அவர் ஜீப்பில் நின்றுகொண்டிருந்தார்.

கதவுப் பக்கம் சாவிக்கொத்து குலுங்கியது. நயினார் பூட்டைத் திறந்து, இரும்புக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு சுவரோரம் நின்ற தன்னுடைய பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏலே தம்பி, அந்தப் புள்ளைய நடுவுல உக்கார வையி. நீ பின்னால ஏறிப் பிடிச்சிக்கோ."

"நயினார் அண்ணாச்சி, பேப்பர் இல்லாம..." என்று தொடங்கினான் சிவப்பிரகாஷ்.

"மூச்சு வாங்குது, பாக்கல்லயா?" என்றார் நயினார். 

சிவப்பிரகாஷ் கிளாடிஸைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிறகு முழு உடம்பையும் திருப்பி மணல் மூட்டையின் பக்கம் நின்றுகொண்டு, விதியில் இல்லாத நாலாவது கேள்வி ஒன்றை அதனிடம் நிதானமாகக் கேட்க ஆரம்பித்தான். மொபெட் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை அவன் பதிலுக்குக் காத்திருந்தான். அந்த வாரியத்தில் காகிதம் இல்லாமல் நடந்த முதல் காரியம் அது.

மொபெட்டில் மெத்தையும் இல்லை, சாய்மானமும் இல்லை. அரிசி மூட்டை வைக்கும் கம்பிப் பலகையில் கிளாடிஸ் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதுகு ஆன்றோவின் நெஞ்சில் இருந்தது. அவள் மூச்சு நிற்கிறதா ஓடுகிறதா என்பதை அவன் தன் விலா எலும்பில் கேட்டுக்கொண்டே வந்தான். ஊர்வலத்தால் பெரிய சாலை அடைபட்டிருந்தது. நயினார் சந்துகளில் புகுந்து போனார். குழி வரும்போதெல்லாம் முன்கூட்டியே, "குழி வருது தாயீ" என்று சொல்லிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் எல்லா மெஷின்களும் நிறைந்திருந்தன. கடைசி மெஷினில் உடன்குடிப் பக்கத்துக் கடைக்காரம்மா சுடலைமாடத்தி படுத்திருந்தாள். நர்ஸ் அவள் கையில் ஊசி குத்தத் தொட்டுத் தடவி இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் தவறிவிட்டது, நான் என்ன செய்யட்டும் என்று நர்ஸ் ஆன்றோவைப் பார்த்துத் தவித்தாள். அவளுக்கும் விதி இருந்தது.

சுடலைமாடத்தி தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். கையை நர்ஸிடமிருந்து இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏளா, வந்து படு. நான் சாயங்காலம் ஏறுதேன். எனக்கு ஒண்ணும் செய்யாது."

அவளுக்கு ஒன்றும் செய்யாது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இறங்கி, சுவரைப் பிடித்தபடி நடந்து, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். மெஷின் ஓடத் தொடங்கியது. மதியம் கழிந்தபோது கிளாடிஸ் மல்லாந்து படுத்து மூச்சுவிட்டாள். உதட்டில் பழைய நிறம் திரும்பியிருந்தது. சுடலைமாடத்திக்கு மெஷின் கிடைத்துவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே ஆன்றோ அந்த இடத்தை விட்டு அசைந்தான்.

இனி வீட்டுக்குப் போக வேண்டும். துவண்ட உடம்போடு அவளை எதில் வைத்துக் கூட்டிப் போவது? அவளை ஆஸ்பத்திரி வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு, எந்தக் காலில் விழவும் தயாராக அவன் கிட்டங்கிக்குத் திரும்பினான்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஊழியர்கள் எல்லாரும் வட்டமாக, மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். நடுவில் அவனுடைய மோட்டார் சைக்கிள். பின்னிருக்கையில் தலைவர் ராஜதுரை.

ஊர்வலம் முழுக்க வெயிலில் நின்றே வந்ததில் அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. தரப் பயணியை விழாமல் காத்த இருக்கையைப் பார்க்க வந்தவர், சும்மா ஒரு நிமிஷம் என்று ஏறி உட்கார்ந்திருக்கிறார். சாய்ந்திருக்கிறார். தூங்கிவிட்டார். வாய் திறந்து, சந்தன மாலை ஒரு பக்கம் ஒதுங்கி, நல்ல தூக்கம். அவரை எழுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. எழுப்பாமல் வீட்டுக்குப் போகவும் யாருக்கும் அதிகாரம் இல்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கையின் ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தார். எந்த நேரமும் விழலாம். வட்டமாக நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஆன்றோவுக்கு அவர்மேல் கோபம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் சரிகிற உடம்பைக் கண்டால் அவன் கை அவனைக் கேட்காது. ஓடிப்போய்த் தோளைத் தாங்கிப் பிடித்தான். மெதுவாக நிமிர்த்திச் சாய்மானத்தில் பொருத்தி, ஒரு கையை அவர் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

ராஜதுரை விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. மெத்தையைத் தடவினார். கைப்பிடியைத் தடவினார். தோளில் இருந்த கையைப் பார்த்தார்.

"இதுல யார் உக்காந்து வாறது?" என்று கேட்டார்.

"என் பெண்டாட்டி சார்."

"அவங்க எங்க?"

"ஆஸ்பத்திரிப் படியில உக்காந்திருக்கா சார். நான் வண்டி கொண்டு போனாத்தான் வீட்டுக்குப் போக முடியும்."

வாரியம் தொடங்கிய நாளிலிருந்து, பின்னிருக்கையில் இருப்பவர் யார், எங்கே இருக்கிறார் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாமல் ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜதுரை ஆன்றோவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு இறங்கினார்.   சிவப்பிரகாஷிடம் கையை நீட்டினார். அவன் சாவியைக் கொடுத்தான்; அவர் அதை ஆன்றோவிடம் கொடுத்தார்.

"பாத்துப் போ தம்பி" என்றார்.

மறுவாரம் வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதிகச் சுகமான இருக்கைகள் பணிக்கு இடையூறு செய்வதாகச் சோதனையில் தெரியவந்திருப்பதால், அதிகாரிகள் யாரும் இனி அவற்றில் உட்காரக் கூடாது. தரப் பயணி மட்டுமே உட்காரலாம். நயினாரைப் பற்றி விசாரணையும் நடந்தது. அன்று கதவைத் திறந்தது யார் என்று நான் பார்க்கவில்லை, மூட்டையோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சிவப்பிரகாஷ் எழுதிக் கொடுத்தான். மூட்டையோடு பேசியதென்னவோ உண்மைதான் என்பதால் வழக்கு அதோடு நின்றது.

அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் உப்பளங்களின் நடுவே ஆன்றோ வண்டியை ஊர்ந்தாற்போல் ஓட்டினான். குவித்த உப்பின் மேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. முள்ளக்காடு வந்ததும் அவன் முதுகில் ஏதோ படிந்தது. கிளாடிஸின் கன்னம். அவள் முன்பக்கம் சாய்ந்து, இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டியிருந்தாள்.

"ஏளா, சாய்மானம் பின்னால இருக்குலா. அதுல சாஞ்சிக்கோ."

"இருக்கட்டும்" என்றாள் அவள். "இங்கன நல்லாருக்கு."

ஆன்றோ முதுகை நேராக வைத்துக்கொண்டு, குழிகளை விலக்கி விலக்கி ஊர்வரை ஓட்டினான்.